விற்கலாம், வெட்டலாம்... வீடு மட்டும் கட்ட முடியாது!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், கனடாவை ஒட்டிக் கிடக்கும் மேய்ன் மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டு காடுகள் அடுத்தடுத்துக் கை மாறின. தென்னாப்பிரிக்கக் காகித நிறுவனமான சப்பி தன்னிடமிருந்த 9,05,000 ஏக்கர் காட்டைப் பிளம் கிரீக் என்ற மர நிறுவனத்துக்கு விற்றது. அந்த டிசம்பரிலேயே செயின்ட் ஜான் ஆற்றின் மேற்பகுதியில் 1,85,000 ஏக்கரை இன்டர்நேஷனல் பேப்பர் நிறுவனம் விலைக்கு விட, ‘தி நேச்சர் கன்சர்வன்சி’ என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஓடியாடி நிதி சேர்த்து, சுமார் மூன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. நூறாண்டுகளாகக் காகித ஆலைகளுக்கு மரம் தந்துகொண்டிருந்த காடுகள் அவை. ஆலைகள் நலிந்ததும், காட்டை வைத்திருப்பதைவிட விற்பதே லாபம் என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

நம் ஊரில் காடு என்றாலே வனத்துறைதான் நினைவுக்கு வரும். மேய்னில் அப்படியில்லை. மாநிலப் பரப்பில் ஏறக்குறைய 90 சதவிகிதம் காடு. அதில் மிகப் பெரும் பகுதி தனியார் சொத்து. அமெரிக்கா முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட காடு தனியார் பெயரில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஒரு பக்கம் என்றால், பத்து ஏக்கர், ஐம்பது ஏக்கர் என்று வைத்திருக்கும் ஒரு கோடியை ஒட்டிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். அந்தக் குடும்பங்களின் பெரியவர்கள் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். அப்பா கண்ணை மூடியதும் பிள்ளைகள் பங்கு கேட்பார்கள். ஒருவர் பாஸ்டனில் இருப்பார், ஒருவர் கலிஃபோர்னியாவில். காட்டைப் பங்கு போட முடியாது, பணத்தைப் பங்கு போடலாம். அந்த நேரம் பார்த்து ரியல் எஸ்டேட்காரர் வாசலில் நிற்பார்.

வீடு வந்தால் காடு என்ன ஆகும்? ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடுதானே, சுற்றிலும் மரங்கள் நிற்கத்தானே செய்கின்றன என்று தோன்றலாம். அந்த ஒரு வீட்டுக்குச் சாலை வேண்டும், மின்கம்பி வேண்டும், செப்டிக் டேங்க் வேண்டும். சாலை வெட்டினால் மழைநீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குள் இறங்கும். கரையோர நிழல் போனால் தண்ணீர் சூடாகும். மேய்னின் ஓடைகளில் வாழும் புரூக் டிரௌட் மீன் குளிர்ந்த, தெளிந்த நீரில் மட்டுமே பிழைக்கும். மரம் வெட்டிய காடு சில பத்தாண்டுகளில் திரும்ப எழுந்துவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் பண்ணைகளுக்காகப் பெரும்பகுதிக் காட்டையும் அழித்தார்கள். விவசாயிகள் மேற்கே பெயர்ந்ததும் கைவிடப்பட்ட வயல்களில் காடு தானாகவே முளைத்து, இன்று மாநிலத்தின் பாதிக்கு மேல் பரவி நிற்கிறது. பிளாட் போட்டு, கான்கிரீட் கொட்டி, நூறு பேர் பெயரில் பத்திரம் பதிந்த இடத்தில் அப்படி ஒரு மறுபிறவி நடப்பதில்லை. கோடரியைவிட லே-அவுட்தான் காட்டுக்குப் பெரிய எதிரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏக்கருக்கு 37 டாலர்

எல்லோரும் விற்றுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு குடும்பம் வேறு வழியில் போனது. மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தில் கப்பல் வணிகம் செய்த டேவிட் பிங்க்ரீ, 1840-களில் தன் பணத்தை மேய்ன் காடுகளில் போட ஆரம்பித்தார். அந்தச் சொத்தை வாரிசுகள் சிதறவிடாமல் கூட்டாக வைத்திருந்தார்கள். நிர்வாகத்துக்கு ‘செவன் ஐலண்ட்ஸ்’ என்று தனி நிறுவனமே வைத்து, அளவாக மரம் வெட்டி, வருமானத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பொறுப்பாகக் காடு வளர்ப்பதற்கான தரச்சான்றை 1990-களின் முற்பகுதியிலேயே வாங்கியவர்கள் அவர்கள். ஆனாலும் தலைமுறைகள் பெருகப் பெருக நெருக்கடியும் வளர்ந்தது. ஏரிக்கரைக் காட்டை மரத்துக்காக விற்றால் கிடைக்கும் விலை ஒன்று. விடுமுறை வீடுகளுக்காக விற்றால் கிடைக்கும் விலை அதைப்போல் பல மடங்கு. எத்தனை காலம் எத்தனை வாரிசுகள் அந்த ஆசையைத் தள்ளிவைப்பார்கள்?

1944-இல் தொடங்கப்பட்ட ‘நியூ இங்கிலாந்து ஃபாரஸ்ட்ரி ஃபவுண்டேஷன்’ என்ற அறக்கட்டளை இந்தக் குடும்பத்தோடு பேச்சு நடத்தியது. 2001 மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. 7,62,192 ஏக்கர், நம் நீலகிரி மாவட்டத்தைவிடப் பெரிய பரப்பு. கொடுத்த தொகை சுமார் 2.8 கோடி டாலர். ஏக்கருக்கு 37 டாலர்தான். அமெரிக்க வரலாற்றில் அதுவரை இவ்வளவு பெரிய காட்டுக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் நடந்ததில்லை.

அந்த 37 டாலருக்கு அறக்கட்டளை நிலத்தை வாங்கவில்லை, மரத்தையும் வாங்கவில்லை. அந்தக் காட்டை மனை போடும் உரிமையை மட்டும் வாங்கியது. வாங்கி, அதை யாருமே பயன்படுத்த முடியாதபடி நிரந்தரமாகப் பூட்டி வைத்துவிட்டது. கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று இதற்குப் பெயர். நாம் காப்புப் பாத்தியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்திரம் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது புரியாத சங்கதி இல்லை. நம் கிரயப் பத்திரங்களின் கடைசியில் ‘மாமூல் நடைபாதை, வண்டிப் பாதை பாத்தியங்கள் சகிதம்’ என்று ஒரு வரி வருமே, அந்தப் பாத்தியத்தின் இன்னொரு வடிவம்தான் இது. நிலம் உங்களுடையது, ஆனால் பக்கத்து வயல்காரர் வண்டி ஓட்டிப் போகும் வழியை நீங்கள் அடைக்க முடியாது. நிலத்தை விற்றாலும் வாங்கியவரை அந்தப் பாத்தியம் கட்டுப்படுத்தும். காப்புப் பாத்தியத்தில் அடுத்தவர் உங்கள் நிலத்தில் நடக்கும் உரிமையைக் கேட்பதில்லை. நீங்கள் உங்கள் நிலத்தில் சிலவற்றைச் செய்யாமலிருக்கும் கடமையை நிலத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். பிங்க்ரீ குடும்பம் இன்றும் மரம் வெட்டலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம், முழுக் காட்டையும் வேறொருவருக்குக் கிரயம் செய்யலாம். வாங்குகிறவர் எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் அங்கே மனை போட முடியாது. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் அந்தப் பாத்தியம் என்றைக்கும் முதலில் வந்து நிற்கும்.

கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்ற பெயரைப் பரப்பியவர் வில்லியம் வைட் என்ற பத்திரிகையாளர், 1959-இல். வழக்கம் அதற்கும் பழையது. 1930-களில் புளூ ரிட்ஜ் மலைச்சாலையின் இருபுறக் காட்சியும் கெடாமலிருக்கத் தேசியப் பூங்காத் துறை இந்த வகை உரிமைகளை வாங்கியிருக்கிறது. மாநிலங்கள் பின்பற்றுவதற்கான மாதிரிச் சட்டம் 1981-இல் வந்தது. தனியார் காடுகளுக்காகவே 1990-இல் ‘ஃபாரஸ்ட் லெகசி’ திட்டம் பிறந்தது; பாத்தியத்தின் விலையில் முக்கால் பங்கு வரை மத்திய அரசு தரும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருநூறு ஏக்கர் காடு. மனையாக விற்க முடிந்தால் 10 லட்சம் டாலர் பெறும் என்று வைத்துக்கொள்வோம். மனை போடும் உரிமையைக் கழித்துவிட்டால், வெறும் மரக்காடாக அதன் மதிப்பு 4 லட்சம். இடையிலுள்ள 6 லட்சம்தான் பாத்தியத்தின் மதிப்பு. உரிமையாளர் அந்த 6 லட்சத்தை விலையாக வாங்கிக்கொள்ளலாம். அல்லது நிலம் காக்கும் அறக்கட்டளையான ஒரு லேண்ட் டிரஸ்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2015-இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டப்படி, ஆண்டு வருமானத்தில் பாதி வரை கழிக்கலாம். மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். விவசாய வருமானத்தில் வாழ்பவருக்கு முழு வருமானத்துக்கும் விலக்கு உண்டு. வாரிசுகளுக்கும் இதில் நிம்மதி இருக்கிறது. காட்டின் விலை குறைந்துவிட்டதால் ஒருவர் மற்றவரின் பங்கை வாங்கிக்கொள்வது கைக்கெட்டும் காரியமாகிறது.

முழுக் காட்டையும் விலைக்கு வாங்கிப் பூங்காவாக்குவது மேல் அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. மேய்னிலேயே அதற்கும் உதாரணம் இருக்கிறது. பர்ட்ஸ் பீஸ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ராக்ஸேன் குவிம்பி, கட்டாடின் மலைக்குக் கிழக்கே காடுகளை வாங்கிச் சேர்த்தார். அதில் சுமார் 87,500 ஏக்கர் நாட்டுக்குக் கொடையானது. 2016 ஆகஸ்டில் அதிபர் ஒபாமா அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். மகத்தான கொடை. ஆனால் அதற்குமுன் பல ஆண்டுகள் உள்ளூர் மக்களின் கோபத்தை அவர் சுமக்க வேண்டியிருந்தது. காகித ஆலை மூடி வேலையிழந்த ஊர்கள் அவை. தலைமுறைகளாக மரம் வெட்டிய, வேட்டையாடிய, குளிர்காலத்தில் பனி வண்டி ஓட்டிய இடத்தில் திடீரென்று ‘நுழையாதே’ பலகை தொங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? காப்புப் பாத்தியத்தில் அந்தப் பிளவு குறைவு. லாரி ஓடுகிறது, அறுவை ஆலைக்கு மரம் போகிறது, மார்ச் மாதத்தில் மேப்பிள் மரங்களில் சாறு இறக்குகிறார்கள். காட்டை நம்பிய பிழைப்பும் காடும் சேர்ந்தே நிற்கின்றன. செலவோ, முழு நிலத்தை வாங்குவதில் ஒரு பங்குதான்.

மூஸ்ஹெட் ஏரிக்கரையில்

சப்பியிடம் வாங்கிய பிளம் கிரீக்கின் கதைக்கு வருவோம். அந்த நிலத்துக்குள் மேய்னின் மிகப் பெரிய ஏரியான மூஸ்ஹெட்டின் சுற்றுப்புறமும் அடங்கும். சுமார் 40 மைல் நீளம். ஸ்ப்ரூஸ், ஃபர், பிர்ச் மரங்கள் கரை வரை இறங்கி நிற்கும். லூன் பறவையின் குரல் இரவெல்லாம் கேட்கும். அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1853-லும் 1857-லும் பெனாப்ஸ்காட் பழங்குடி வழிகாட்டிகளோடு படகில் போன ஏரி அது. 2005-இல் பிளம் கிரீக் தன் திட்டத்தை வெளியிட்டது: 975 வீட்டு மனைகள், இரண்டு ரிசார்ட்டுகள். மாநிலம் அதுவரை கண்டதிலேயே மிகப் பெரிய மனைத் திட்டம்.

ஊர் இரண்டுபட்டது. கரையிலுள்ள கிரீன்வில் சிற்றூரில் இளைஞர்கள் வேலைதேடி வெளியேறிக்கொண்டிருந்த காலம். திட்டம் வந்தால் பிழைப்பு வரும் என்றது ஒரு தரப்பு. ஏரியின் அமைதிக்காகத்தானே இங்கே வாழ்கிறோம், அதையே விற்றுவிட்டு என்ன செய்வது என்றது மறு தரப்பு. பொது விசாரணைகள் நாள்கணக்கில் நீண்டன. கடைசியில் ஒரு பேரம் படிந்தது. மனைகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அவை குறித்த இடங்களுக்குள் அடங்க வேண்டும், அவற்றைச் சுற்றியுள்ள 3,63,000 ஏக்கருக்குக் காப்புப் பாத்தியம் எழுதித் தர வேண்டும். அதில் ஒரு பகுதிக்கு நிறுவனம் விலை வாங்கிக்கொண்டது. மற்றதை மனை அனுமதிக்கு ஈடாகக் கொடுத்தது. 2009-இல் நிலப் பயன்பாட்டு ஆணையம் ஒப்புதல் தந்தது; எதிர்ப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள்; 2012-இல் மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புதலை உறுதிசெய்தது. பாத்தியப் பத்திரம் அப்போதே பதிவாகி, ‘ஃபாரஸ்ட் சொசைட்டி ஆஃப் மேய்ன்’ கைக்கு வந்தது.

பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2008-இல் சரிந்த வீட்டுச் சந்தை அந்த மூலைக்குத் திரும்பி வரவே இல்லை. 2016-இல் பிளம் கிரீக், வேயர்ஹவுசர் என்ற பெருநிறுவனத்தோடு இணைந்தது. புதிய உரிமையாளர் 2019-இல் திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டு ஆணையமும் ரத்து செய்துவிட்டது. அந்த 975 மனைகளும் ரிசார்ட்டுகளும் காகிதத்தோடு போயின. 3,63,000 ஏக்கர் மீதான பாத்தியம் போகவில்லை. திட்டம் ஓர் அரசு அனுமதி. அனுமதிக்கு ஆயுள் உண்டு, ரத்தும் உண்டு. பாத்தியம் நிலத்தின் மீது பதிந்த உரிமை. பேரம் பேசிய மேசையில் பத்திரத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர்களுக்குத்தான் இந்த வெற்றி சேரும்.

ஓட்டைகள்

பாத்தியம் என்று பெயர் சூட்டிவிட்டாலே எல்லாம் நல்லதாகிவிடாது. பிங்க்ரீ ஒப்பந்தத்தின் மீதே அன்று விமர்சனம் எழுந்தது: வீடுகளைத் தடுத்தார்கள், சரி, மரம் வெட்டும் முறைக்கு இறுக்கமான அளவுகோல் எங்கே? பொதுமக்கள் காட்டுக்குள் வரும் உரிமையைப் பத்திரத்தில் ஏன் உறுதி செய்யவில்லை? நியாயமான கேள்விகள். பிற்காலப் பத்திரங்கள் பலவற்றில் இவை இரண்டும் ஷரத்துகளாக ஏறியிருப்பதற்கு அந்த விமர்சகர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வரிச்சலுகையில் நடந்த கொள்ளை வேறு ரகம். தரகர்கள் மலிவாக ஒரு நிலத்தை வாங்குவார்கள். பணக்காரர்கள் சிலரைப் பங்குதாரர்களாகச் சேர்ப்பார்கள். அந்த நிலத்தில் சொகுசு மாளிகைகள் எழுப்பியிருக்கலாமே என்று கற்பனை செய்து, வாங்கிய விலையைப்போல் பல மடங்கு மதிப்பு எழுதித் தரும் மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடிப்பார்கள். பிறகு அந்த ‘உரிமை’யைத் தானம் செய்ததாகச் சொல்லி, ஒவ்வொருவரும் போட்ட பணத்தைப்போல் நான்கு ஐந்து மடங்கை வரிக்குரிய வருமானத்தில் கழிப்பார்கள். காட்டின் மீதும் வனவிலங்கின் மீதும் அவர்களுக்கு எந்த அக்கறையும் கிடையாது. வருமான வரித்துறை 2016 இறுதியில் எச்சரித்தது. செனட் நிதிக் குழு 2020-இல் விசாரணை அறிக்கை வெளியிட்டது. 2022 டிசம்பரில், முதலீட்டைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் கழிக்கும் கூட்டுக் கணக்குகளுக்குச் சட்டம் கதவடைத்தது. 2024 ஜனவரியில் அட்லாண்டாவில் இரண்டு தரகர்களுக்கு 25 ஆண்டும் 23 ஆண்டும் சிறைத்தண்டனை விழுந்தது. தண்டனை சரிதான். ஆனால், உண்மையாகவே காட்டைக் காக்கத் தானம் கொடுத்த எளிய குடும்பங்கள் பலவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வைத்ததுதான் இந்த மோசடியின் பெரிய பாவம்.

மூன்றாவது சிக்கல் காலம். ‘நிரந்தரம்’ என்று பத்திரத்தில் எழுதுவது எளிது. ஒவ்வொரு ஆண்டும் போய்ப் பார்ப்பது யார்? பத்திரம் பதியும் அன்றே லேண்ட் டிரஸ்ட் ஒரு அடிப்படை ஆவணம் தயாரிக்கிறது. வரைபடம், எல்லை மரங்களின் அடையாளம், இருக்கும் கட்டடங்களின் அளவு, எண் போட்ட இடங்களிலிருந்து குறித்த திசையில் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கும். கண்காணிப்பாளர் ஒவ்வொரு முறையும் அந்த ஆவணத்தோடு காட்டுக்குள் இறங்குவார். புகைப்படம் எடுத்த அதே புள்ளியில் நின்று, அதே திசையில் மறுபடி படமெடுப்பார். எல்லை மரங்களில் பூசிய வண்ணம் மங்கியிருக்கிறதா, பக்கத்து நிலத்தின் வேலி நான்கடி உள்ளே நகர்ந்திருக்கிறதா, ஓடைக்கரையில் புதிதாகச் சரளை தோண்டியிருக்கிறார்களா, பழைய குடிசையில் ஓர் அறை முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிங்க்ரீ காடு போன்ற பெரும் பரப்புக்கு நடந்து பார்ப்பது மட்டும் போதாது; செயற்கைக்கோள் படமும் விமானமும் துணைக்கு வருகின்றன.

மீறல்களில் பெரும்பாலானவை பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரிடமிருந்து வருவதில்லை. அவரிடமிருந்து வாங்கிய இரண்டாம், மூன்றாம் உரிமையாளரிடமிருந்துதான் வருகின்றன. வழக்கு என்று போனால் சிறிய டிரஸ்ட் ஒன்று திவாலாகிவிடும். இதற்காகவே லேண்ட் டிரஸ்டுகள் கூடி ‘டெர்ராஃபர்மா’ என்ற சொந்தக் காப்பீட்டு நிறுவனத்தை உருவாக்கி, 2013 முதல் வழக்குச் செலவை அதிலிருந்து பெறுகின்றன. மேய்ன் 2007-இல் தன் சட்டத்தையும் இறுக்கியது. எல்லாப் பாத்தியங்களும் அரசுப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு நடக்க வேண்டும். மாநில அட்டர்னி ஜெனரலையும் கட்சியாகச் சேர்த்து நீதிமன்றம் போகாமல் எந்தப் பாத்தியத்தையும் நீக்க முடியாது. இந்த மூன்று விதிகளும் இல்லாத இடத்தில் காப்புப் பாத்தியத்தை நான் நம்பமாட்டேன்.

கூடலூரும் தாண்டிக்குடியும்

தமிழ்நாட்டிலும் தனியார் காடு உண்டு. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் நிலம்பூர் கோவிலகம் என்ற பழைய அரச குடும்பத்தின் பரம்பரைச் சொத்தான ஜன்மக் காடுகள் இருந்தன. அவை கண்ணெதிரே அழிவதைக் கண்டு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 1996 டிசம்பர் 12 அன்று, யார் பெயரில் இருந்தாலும் காடு காடுதான் என்ற தீர்ப்பு வந்தது. அதற்கு முன்பே 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் வரும் காட்டை மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியில்லாமல் விற்கவோ வெட்டவோ முடியாது. இவை இல்லாவிட்டால் இன்று மிஞ்சியிருப்பதும் மிஞ்சியிருக்காது.

ஆனால் இவை அனைத்தும் தடுக்கும் சட்டங்கள். தானாக முன்வந்து காக்க நினைக்கும் உரிமையாளருக்கு இவற்றில் இடமில்லை. கீழ்ப் பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் நாட்டு மரங்களின் நிழலில் காபி வளர்க்கும் தோட்டக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குப் பிறகும் அங்கே ரிசார்ட் வரக் கூடாது என்று அவர் விரும்புகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதை எப்படிப் பதிவது? 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டப்படி, பாத்தியம் என்றால் அதனால் பயன்பெறும் இன்னொரு நிலம் இருந்தாக வேண்டும். காட்டுக்காகவும் ஓடைக்காகவும் ஓர் அறக்கட்டளை பாத்தியம் வைத்திருக்க அதில் வழியில்லை. ‘கட்டடம் கட்டக் கூடாது’ என்று நிபந்தனை போட்டு விற்கலாமா? அதே ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், விற்பவருக்குப் பக்கத்தில் வேறு நிலமிருந்து அதன் நன்மைக்காகப் போட்டால் தவிர, அந்த நிபந்தனையை வாங்கியவர் மதிக்கத் தேவையில்லை என்கிறது. மிச்சமிருப்பது ஒரே வழி: முழுத் தோட்டத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது. பிள்ளைகுட்டிக்காரர் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்?

நிலத்தின் மீதான உரிமைகள் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பாத்தியத்தை யார் வைத்திருக்கலாம், யார் ஆய்வு செய்ய வேண்டும், எந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், நீக்க எந்த நீதிமன்றம் போக வேண்டும் என்று வரையறுத்துச் சென்னையில் ஒரு மசோதா எழுத முடியும். அதற்கு மேய்னின் 2007 சட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்காரலாம். மதிப்பீட்டு மோசடிக்கு இடம் கொடுக்காமலிருக்க, வருமான வரிச் சலுகையைத் தொடாமல், நில வரியிலும் முத்திரைத் தீர்வையிலும் மட்டும் சலுகை தந்து தொடங்கலாம். மலையடிவாரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக ‘ஹில் வியூ வில்லா’ விளம்பரங்களில் வந்துகொண்டிருக்கின்றன. மசோதா எழுத வேண்டிய நேரம் இதுதான்.